மெம்பரைக் கூப்பிடப் போன நான்கு நாள்

யாருக்காக அந்தப் பயணம் போனேன்? ராக்காயிக்காகவா? அல்லது அவளை மலையிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தவள் நான்தான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே, அந்தப் பயத்துக்காகவா? திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஊராட்சி ஒன்றியத்தில் கிராம சேவிகா. வீடு தேனி அல்லிநகரத்தில், வேலை கம்பத்துக்கு மேற்கே மலையடிவார ஊர்களில். பால்வாடிகளைப் பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, பிள்ளைகளை எடை போடுவது. அந்த ஊர்களில் ஒன்றுக்கு மேலே, ஓடை தாண்டி, மலைவாசிகளான பளியர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ராக்காயி பால்வாடியில் சமைக்கிறவளாக எனக்கு அறிமுகமானாள்.

சமையல் அவள் வேலையில் கால்வாசிதான். யாருக்காவது காய்ச்சல் என்றால் கம்பில் போர்வையைக் கட்டி அதில் படுக்க வைத்து, ஆட்களைச் சேர்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவாள். தூக்கி வந்தவர்கள் திரும்பிப் போனாலும் இவள் போகமாட்டாள். கட்டிலுக்கடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வாள். ரேஷன் கார்டு இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பாள். நாளடைவில் அடிவாரத்து விவசாய வீடுகளிலும் பிரசவ வலி என்றால் "ராக்காயியக் கூப்பிடு" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

பல வருஷமாக நடக்காமலிருந்த பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது அந்த வார்டில் அவள் பெயரைச் சொன்னவர்கள் நிறையப் பேர். விண்ணப்பத்தை நிரப்பியது நான். "வயசு என்ன?" என்று கேட்டேன். "நீயே பாத்து எழுது தாயி. ரொம்பக் கிழவியா ஆக்கிறாத" என்றாள்.

அவள் ஓட்டுக் கேட்ட அழகை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வீடு வீடாகப் போவாள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பாள், வந்துவிடுவாள். எனக்குப் போடு என்று வாய் திறந்து சொல்லவில்லை. எதிர்த்து நின்ற டீக்கடை முத்தையாவைப் பற்றி யாராவது குறை சொன்னால், "அவரும் நல்ல மனுசந்தான்" என்பாள். கடைசியில் முத்தையாவே நொந்துபோய், "ஏ ஆத்தா, நீ எனக்கு ஓட்டுக் கேக்குறியா, உனக்குக் கேக்குறியா?" என்று கேட்டார். ஜெயித்தது ராக்காயி.

அவள் பஞ்சாயத்தில் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று, ஓடைக்கு ஒரு நடைபாலம். போன மழையில் அவள் தம்பி மனைவி பேச்சி, பிரசவ வலியோடு ஒரு பகல் முழுவதும் அக்கரையில் கிடந்தாள். தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். குழந்தை தங்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே ராக்காயி எழுந்து போய்விட்டாள். யாரோ சத்தம் போட்டார்களாம். இரண்டாவது கூட்டத்துக்கு வரவில்லை. அப்போது என் பெண் அமுதாவுக்கு வயிற்றுப்போக்கு, நான் லீவில் இருந்தேன். விஷயம் தெரிந்த பிறகும் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம். பஞ்சாயத்துக் கிளார்க் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "மூணாவது கூட்டமும் வரலேன்னா பதவி போயிரும்மா. வர்ற செவ்வாய்க்கிழமை" என்றார். அன்று வெள்ளி.

சனிக்கிழமை காலை பத்து மாதப் பிள்ளையை என் நாத்தனாரிடம் கொடுத்தேன். பாட்டில், பால்பவுடர், கொதிக்கவைத்த தண்ணீர், கிரைப்வாட்டர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, எதை எப்போது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். நாத்தனார் தாளைப் பார்த்துவிட்டு, "நானும் மூணு பெத்து வளத்தவதான் மதினி" என்றாள். என் வீட்டுக்காரர் கடைச்சாவியைத் தேடிக்கொண்டே, "தேர்ல வச்ச சாமி எறங்கிப் போச்சுன்னா நீ எதுக்குத் தேடிப் போற? மெம்பரைப் பிடிச்சுட்டு வர்றது உன் உத்தியோகத்துல இருக்கா?" என்று கேட்டார். இல்லைதான். தெருமுனை திரும்பும்வரை அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கேட்டது. அது என் காதில் மட்டும்.

பஸ்ஸில் பாதிக் கூட்டம் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள். கறுப்புத் துணி, நல்லெண்ணெய் பாட்டில், எள்ளு மூட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எனக்கு ஏழரை இந்த மாசத்தோட முடியுது. உனக்கு எப்படி?" என்று விசாரித்தாள், ஏதோ கடன் தவணை போல. எனக்கு இன்றைக்குத்தான் ஆரம்பம் என்று வாய்வரை வந்தது. சிரித்து வைத்தேன்.

கம்பத்தில் இறங்கி, ஓடையைச் செருப்பைக் கையில் பிடித்துக் கடந்து குடியிருப்புக்குப் போனால் ராக்காயி வீடு பூட்டிக்கூட இல்லை, சும்மா சாத்தியிருந்தது. பேச்சி விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"அவ இங்கன இல்ல. குமுளிக்கு அங்கிட்டு ஏலக்காட்டுப் பக்கம் எங்க சனம் இருக்கு. அங்கன போயிட்டா."

"எப்ப வருவா?"

"கூப்பிட்டா வருவா" என்றாள் பேச்சி. அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று கம்பத்தில் ஒரு பால்வாடி டீச்சர் வீட்டில் தங்கினேன். அவள் ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து வைத்தாள். நான்கு பழம் தின்றதும் ஒரு சந்தேகம்: பால் கொடுக்கிறவள் திராட்சை தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமோ? பிள்ளை அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன், என்ன தின்றால் என்ன என்ற நினைப்பு வந்ததும் மீதியைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குமுளி பஸ் பாதி மலையில் நின்றுபோனது. ரேடியேட்டரிலிருந்து ஆவி பொங்கியது. கண்டக்டர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வாளியோடு ஊற்றைத் தேடிப் போனார். "ஏலே, நீ ஊத்துத் தோண்டியா தண்ணி கொண்டு வர?" என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். கீழே மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரிந்தன. அதற்கும் கீழே எங்கள் பள்ளத்தாக்கு, பச்சைப் பசேலென்று வயல்கள். அந்தத் தண்ணீர் எல்லாம் மேலேயிருந்து எங்களுக்கு வருவது. நான் அதற்கு எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருந்தேன்.

அமுதா பால் குடிக்கும் நேரம் அது. நான் மறந்தாலும் உடம்பு மறக்கவில்லை. ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்து மூடுவதைப் பார்த்து, எதிர் சீட்டிலிருந்த மலையாளத்து அம்மாள் ஒருத்தி எழுந்து வந்தாள். கூடையிலிருந்து வெள்ளைத் துவர்த்துத் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். எனக்குப் புரிந்தவரை அவள் சொன்னது இது: "எத்தனை மாதம்? பத்தா? இதற்கு எதற்கடி வெட்கம், பிள்ளை பசியோடு இருக்கும்போது பால் வராவிட்டால்தான் வெட்கப்பட வேண்டும்." துண்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை.

எல்லை தாண்டிக் குமுளிக்குள் கால் வைத்தால் பதினைந்து மைலில் இன்னொரு தேசம். போர்டுகள் வட்ட வட்டமான எழுத்தில். வீடுகள் ஒன்றையொன்று தொடாமல், ஆளுக்கொரு தோட்டத்துக்குள். எங்கள் ஊரில் சுவருக்குச் சுவர் பேச்சு கேட்கும், இங்கே மழை மட்டும் கேட்கிறது. டீக்கடையில் கப்பையும் மீன்கறியும் வைத்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் சாயங்காலத்தில் வெல்லம் தொட்டுத் தின்னும் பண்டம், இவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. குழம்பின் சிவப்பைப் பார்த்துப் பயந்தேன். நாக்கு பயப்படவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கடைக்காரரிடம், பஞ்சாயத்து மெம்பர் ஒருவரைத் தேடி வந்தேன் என்றேன். அவர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகக் கேட்டார்:

"எந்தப் பார்ட்டி?"

"பார்ட்டி எதுவும் இல்ல."

"பார்ட்டி இல்லாமல் எப்படி ஜெயித்தாள்?"

"எதிர்ல நின்னவர நல்லவர்னு சொல்லி."

அவர் பால் விடாத கட்டன்சாயாவை ஆற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஜீப் எங்கே நிற்கும் என்று கடைக்கு வெளியே வந்து கைகாட்டினார்.

ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. வெளியே தொங்கினவர்களுக்குத்தான் காற்று கிடைத்தது. ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து போனதில் என் சேலை இன்றைக்கும் மணக்கிறது. இறங்கி, வழி கேட்டு, அவர்கள் சனம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தால், ராக்காயி இல்லை. கிழங்கெடுக்கக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள், நாளைக்கு வந்துவிடுவார்கள் என்றார்கள்.

யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. பாய் கொடுத்தார்கள், வேகவைத்த கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு அந்நியப் பெண் வந்து நின்றால் உள்ளே விடுவதற்கு முன் எத்தனை கேள்வி கேட்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பலாமரத்துப் பக்கம் ஒதுங்கி, பாலைப் பீய்ச்சி வேரில் விட்டேன். மண்ணில் விட்டால் எறும்பு மொய்க்கும், பால் வற்றிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். வேர் குடித்தது. என் பிள்ளை இந்நேரம் பாட்டில் ரப்பரைக் கடித்துத் துப்பியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

உச்சிப் பொழுதில் ராக்காயி வந்தாள். தலையில் கிழங்கு மூட்டை, கையில் கடப்பாரை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"பிள்ளைய எங்க தாயி?"

"விட்டுட்டு வந்தேன். உங்களக் கூப்பிடத்தான் வந்தேன்."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "உங்களன்னா? எம் பின்னாடி யாரு நிக்கிறா?"

அவள் மெம்பரானதிலிருந்து மரியாதை கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று நான் முயற்சி செய்துகொண்டிருந்தேன். அது அவளுக்குச் சிரிப்பு.

"சரி, உன்னய. ஏன் ராக்காயி கூட்டத்துலருந்து எந்திரிச்சு வந்துட்ட?"

"இன்னொரு மெம்பரு இருக்காருல்ல சீனிச்சாமி, அவரு தெருக்குழாய்க்காக மேசையத் தட்டிக் கத்துனாரு. மலைக்காரிக்கு என்ன தெரியும்னாரு. எனக்கும் கோவம் வந்துருச்சு. கோவத்தோட அங்கன உக்காந்திருந்தா நானும் கத்துவேன். அசிங்கமில்ல? அதான் எந்திரிச்சுட்டேன்."

"அதுக்கு மலையத் தாண்டியா வரணும்?"

"மொதல்ல ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில உக்காந்தேன். பொழுது எறங்குற மட்டும் இருந்தேன். ஒருத்தரும் கூப்பிட வரல. வீட்டுல போயி இருந்தேன். ரெண்டாங் கூட்டத்தன்னைக்கு பல்லு வெளக்கிக் குளிச்சு, சேலை மாத்திக்கிட்டு வாசல்லயே இருந்தேன். வரல. இன்னும் அவுகளுக்குக் கோவம் ஆறல போல, கண்ணுல படாம இருப்போம்னு இங்கிட்டு வந்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. கூட வந்து கிழங்கில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் விளக்கினான்: "எங்கள்ல ரெண்டு பேரு மொறைச்சுக்கிட்டா ஒராளு எந்திரிச்சுப் போயிரணும். கோவம் ஆறுன பெறகு யாராச்சும் போயிக் கூட்டிட்டு வருவாக. வந்த பெறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

கிளார்க் நோட்டில் "உறுப்பினர் வெளிநடப்பு செய்தார்" என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் கணக்கில் அது கோபித்துக்கொண்டு போனது. அவள் கணக்கில் மரியாதை. இரண்டு மாதமாக அங்கே அவர்கள் "திமிரு" என்று பேசிக்கொண்டிருக்க, இங்கே இவள் கூப்பிட ஆள் வரும் என்று வழி பார்த்திருக்கிறாள். நான்கு வருஷம் அந்தக் குடியிருப்புக்கு நடந்தவள் நான். எந்தப் பிள்ளைக்கு என்ன எடை என்று தெரியும். இது தெரியவில்லை.

"அதான் நான் வந்துட்டேன்ல. நாளைக்கு நீ வரலேன்னா பதவி போயிரும்."

"போனாப் போகட்டும். எங்கப்பன் சொத்தா?" என்றாள். பிறகு, "நீ கூப்பிட்டா ஆகாது தாயி. நீ சண்டையில இல்லையே."

"பாலம்?"

அவள் என் ரவிக்கையின் ஈரத்தைப் பார்த்தாள். மூட்டையைப் புருஷனிடம் தள்ளினாள். "எந்திரி. ஒம் பிள்ள அழும்."

மலை இறங்கும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கூட்டத்துக்கு வருகிறாளா, என்னை வீட்டில் சேர்க்க வருகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நேராகத் தேனிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. போனால் திரும்பி வரமாட்டேன் என்பதும் தெரிந்தது. கம்பத்திலேயே தங்கினோம்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் போனோம். வாசல் வரை வந்தவள் உள்ளே போகவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினேன். "நான் வந்துட்டேன். இனி அவுக வரணும்" என்றாள். குரலில் பிடிவாதம் எதுவும் இல்லை. சோறு வெந்தபிறகுதானே இறக்கணும் என்பதுபோலச் சொன்னாள்.

உள்ளே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. தெருவிளக்கு முடிந்தது. குப்பைத்தொட்டி முடிந்தது. கூட்டம் முடிவதற்குள் அவள் கையெழுத்து விழ வேண்டும். நான் உறுப்பினர் இல்லை, அங்கே பேச எனக்கு உரிமை இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அய்யா, ராக்காயி வெளிய உக்காந்திருக்கா. யாராவது போயிக் கூப்பிட்டா வருவா. அவுக வழக்கம் அது."

தலைவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க், "அஜெண்டாவுல இல்லையேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சீனிச்சாமிதான் சத்தமாகச் சிரித்தார். "யாரு, நான் போயி அழைக்கணுமா? தாம்பாளத்துல வெத்தலபாக்கு வச்சா? மேளம் சொல்லியாச்சா?"

"அவ அன்னைக்கு உங்க மேல கோவிச்சுட்டுப் போகலண்ணே. உங்களக் கத்திப் பேசிரக் கூடாதுன்னுதான் எந்திரிச்சுப் போனா" என்றேன். வெளியே வந்துவிட்டேன்.

ராக்காயி குச்சியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சீனிச்சாமி வெளியே வந்தார். எங்களைப் பார்க்காமல் வேலி ஓரம் போய் வெற்றிலையைத் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்தார். திரும்பி நடந்தவர் மரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏ ஆத்தா, இந்த வெக்கையில எதுக்கு இங்கன உக்காந்திருக்க? பாலம்னு என்னமோ கேக்கணும்னியாம்ல. உள்ள வந்து கேளு."

ராக்காயி உடனே எழுந்தாள். புடவையில் ஒட்டிய வேப்பிலையைத் தட்டிவிட்டு, அவருக்குச் சமமாக நடந்துகொண்டே கேட்டாள்: "ஒம் பொண்டாட்டிக்கு முட்டி வலி தேவலையாய்யா?"

அவர் தடுமாறிப்போனார். "இருக்கு, இருக்கு. மாடிப்படி ஏற முடியல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவள் கையெழுத்துப் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைபாலத்துக்கு ஒன்றியத்தைக் கேட்பது என்று தீர்மானம் எழுதினார்கள். பேச்சியின் கதையை ராக்காயி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நான் வீடு சேர்ந்தேன். அமுதா என்னைப் பார்த்துவிட்டு முகத்தை நாத்தனாரின் தோளில் புதைத்துக்கொண்டாள். கை நீட்டினேன், வரவில்லை. நாத்தனார், "விடுங்க மதினி, கொஞ்ச நேரம் கோவம் இருக்கும்ல" என்றாள். விளக்கு வைத்த பிறகு தானாகத் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தாள். ஏலக்காய் மணத்தில் தும்மினாள். அந்த நான்கு நாளை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் இறுக்கிக்கொண்டேன்.

இப்போது ஒரு சங்கடம். ஒன்றியத்தில் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "அந்த மெம்பர் கூட்டம் முடியிற வரைக்கும் உக்காந்திருக்கப் பழகணும். நீங்கதான் பழக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். சீனிச்சாமியோ, "மாசாமாசம் நான் போயிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது" என்கிறார். அதை ராக்காயியிடம் சொன்னேன். "அப்ப மாசாமாசம் கத்தாம இருக்கச் சொல்லு" என்றாள்.

கத்துகிற இடத்தில் உட்கார்ந்திருக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்தால் பாலம் வந்துவிடலாம். பத்து பேரைப் போல அவளும் மேசையைத் தட்டுவாள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் துண்டு விரித்துப் படுத்துக் கிடக்கிற ராக்காயி இருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். கற்றுக் கொடுக்காவிட்டால், ஒருநாள் கூப்பிட ஆள் வராமலே போகும். எழுந்து போனவரைப் போய்க் கூப்பிடுகிற வழக்கத்தைப் பத்து ஆண்களுக்கு ஒரு கிராம சேவிகா எப்படிப் பழக்குவது?

இதைப் படிக்கிறவர்களில் சபைகளில், சங்கங்களில் உட்கார்ந்து பழகிய பெண்கள் இருப்பீர்கள். கூட்டுக் குடும்பத்தில் பலரைச் சேர்த்து வைத்தவர்களும் இருப்பீர்கள். நான் யாரைப் பழக்கட்டும், அவளையா, அவர்களையா? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்தன்று அவள் எழுந்தால், கதவருகே நிற்கப்போகிறவள் நான்தான்.